படுக்கைக்கும் படுக்கைக்கும் இடையே: படைவீரர் தங்குமிட அளவு உருவான வரலாறு

முன்னுரை

கிரிமியப் போரில் (1853–56) உயிரிழந்த பிரிட்டிஷ் படையினரில் ஏறத்தாழ நான்கில் மூவர் நோயால் மாண்டவர்கள். போர் ஓய்ந்து ஊர் திரும்பிய பிறகும் சாவு ஓயவில்லை. ஒரு படைவீரன் படுத்துறங்க எவ்வளவு இடம் வேண்டும் என்ற கேள்வியை அரசு கையில் எடுத்ததற்கு இந்த உயிரிழப்பே காரணம். அந்த அளவு எப்படி வகுக்கப்பட்டது, எப்போதெல்லாம் கைவிடப்பட்டது என்பதைப் பிரிட்டன், இந்தியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அமைதிக்காலத்தில் உயிர்களைக் கொடுத்துப் பெற்ற இட அளவு, படை திரட்டும் வேளையில் முதலில் பறிபோகிறது என்பதே இதன் கருத்து.

நால்வருக்கு ஒரு மரக்கட்டில்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் படைவீரர்கள் பெரும்பாலும் சத்திரங்களிலும் மதுக்கடைகளிலும் தங்கவைக்கப்பட்டனர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792 முதல், பாரக்குகள் எனப்பட்ட படைக்குடியிருப்புகள் பெருமளவில் எழுந்தன. குடிமக்களோடு பழகிக் கலகக் கருத்துகள் வீரர்களிடம் பரவிவிடுமோ என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பாரக்குகளில் நால்வர் ஒரே மரக்கட்டிலில் நெருங்கிப் படுத்தனர். தனி இரும்புக் கட்டில் 1820களில்தான் பரவலாயிற்று. இரவில் சிறுநீர் கழிக்க அறைக்குள் ஒரு மரத்தொட்டி இருக்கும். விடிந்ததும் அதைக் கொட்டிக் கழுவி, அதிலேயே முகம் கழுவினார்கள். மணமான வீரர்களில் அனுமதி பெற்ற சிலர், அதே அறையின் மூலையில் போர்வையைத் திரையாகக் கட்டி மனைவி மக்களோடு குடும்பம் நடத்தினர். குழந்தைப் பேறும் அந்தத் திரைக்குப் பின்னால்தான்.

கப்பலில் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டிஷ் கடற்படையில் தொங்குபடுக்கைக்கு ஒதுக்கிய அகலம் ஆளுக்கு 14 அங்குலம். பாதிப்பேர் காவல் முறையில் மேல்தளத்தில் நின்றதால்தான் மற்றவர்களுக்குத் தோளை அசைக்க இடம் கிடைத்தது.

600 கனஅடி

சிட்னி ஹெர்பர்ட் தலைமையில் 1857-இல் அமைந்த அரச ஆணையம், நிலைமையைப் புள்ளிவிவரமாக்கி நாட்டின் முன் வைத்தது. பின்னிருந்து உழைத்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். உள்நாட்டில், அமைதிக்காலத்தில், ஆயிரம் வீரர்களில் ஆண்டுக்கு 17-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே வயதுக் குடிமக்களிடையே அது 9 அளவில்தான் இருந்தது. மருத்துவர் சோதித்துத் தேர்ந்தெடுத்த திடகாத்திரமான இளைஞர்கள் இப்படி இருமடங்கு செத்தார்கள். முதன்மைக் காரணம் நுரையீரல் நோய்கள். ஆணையம் பாரக்கில் ஆளுக்கு 600 கனஅடி இடம் வேண்டும் என்றது.

இந்த அளவுக்குப் பின்னால், நோயை உண்டாக்குவது கெட்ட காற்றே என்ற அக்கால நம்பிக்கை இருந்தது. கிருமிக் கொள்கை அப்போது நிலைபெறவில்லை. எனவே அறையின் கனஅளவே முக்கியமாகக் கருதப்பட்டது. கூரையை உயர்த்தினாலும் கணக்கு சரியாகிவிடும், கட்டில்கள் ஒட்டிக்கிடக்கலாம். இந்தக் குறை பின்னர்தான் வெளிப்பட்டது.

இந்தியாவில் இரண்டு அளவுகோல்

இந்தியப் படையின் நலம் குறித்து 1859-இல் அமைந்த ஆணையம் 1863-இல் அறிக்கை தந்தது. இங்கிருந்த பிரிட்டிஷ் வீரர்களின் இறப்பு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69. இதையடுத்து உயர்ந்த தளமும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட பாரக்குகள் எழுந்தன. வடிகாலும் குடிநீரும் சீரடைந்தன. பத்தாண்டுகளில் அந்த எண் 18 ஆகக் குறைந்ததாக 1873-இல் நைட்டிங்கேல் எழுதினார்.

சிப்பாய்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பாரக் கிடையாது. ‘லைன்’ எனப்பட்ட வரிசைகளில், அரசு தந்த சிறு படியைக் கொண்டு தங்கள் குடிசையைத் தாங்களே கட்டிக்கொண்டனர். சென்னைப் படைச் சிப்பாய்கள் குடும்பத்தோடு இருந்ததால் அந்தக் குடிசையில் பலர் ஒண்டினர். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியிலும் இந்த ஏற்பாட்டின் தடம் தெரிகிறது. சிப்பாய்களின் குடும்பங்கள் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் இருந்தன. அன்று காலை நடக்கவிருந்த அணிவகுப்புக்காகச் சிப்பாய்கள் முந்தைய இரவு கோட்டைக்குள் உறங்க அழைக்கப்பட்டிருந்தனர். உள்ளே பாரக்கில் உறங்கியவர்கள் 69ஆம் படைப்பிரிவின் பிரிட்டிஷ் வீரர்கள். ஒரே கொடிக்குக் கீழ் பணியாற்றியவர்களுக்கு ஒரே தங்குமிட அளவு இல்லை; பிரிட்டிஷ் வீரர்களின் இறப்பு குறைந்த கணக்கை இந்த அநீதியோடு சேர்த்தே படிக்கவேண்டும்.

அடிக்கணக்கில் ஒரு கண்டுபிடிப்பு

முதல் உலகப் போர் இந்த வரலாற்றின் திருப்புமுனை. கேட்டரம் என்ற ஊரிலிருந்த படைப்பயிற்சி நிலையத்தில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஜே. ஏ. கிளவர் என்ற மருத்துவர் வீரர்களின் தொண்டைச் சளியைத் தொடர்ந்து சோதித்தார். கட்டில்களுக்கு நடுவே ஓரடி கூட இல்லாமல் நெருக்கியபோது, நோயின்றியே கிருமியைச் சுமந்தவர்களின் விகிதம் 20 விழுக்காட்டைத் தாண்டியது. அதன்பின் நோயும் தலைகாட்டியது. கட்டில்களை இரண்டரை அடி விலக்கிப் போட்டு, சன்னல்களைத் திறந்துவைத்ததும் அந்த விகிதம் சரிந்தது. மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. கட்டிலை நகர்த்தியதுதான் சிகிச்சை. அறையின் கனஅளவைவிட இரு தலைகளுக்கு இடையிலான தூரமே முக்கியம் என்று அவர் காட்டினார்.

அந்தப் பாடத்தைப் போர் அவசரம் மிதித்துச் சென்றது. அமெரிக்காவின் டெவன்ஸ் முகாம் சுமார் 36,000 பேருக்காகக் கட்டப்பட்டது. 1918 செப்டம்பரில் அங்கே 45,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். இன்ஃபுளுயன்சா நுழைந்ததும் ஒரே நாளில் 1,500-க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாயினர். பலருக்கு நிமோனியா கண்டது. இரண்டாம் உலகப் போரிலும் நெருக்கடி தொடர்ந்தது: 1943 ஜூலையில் குயின் மேரி கப்பல் ஒரே பயணத்தில் 16,000-க்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது. அத்தகைய பயணங்களில் அடுக்குப் படுக்கைகளில் வீரர்கள் முறைவைத்து உறங்கினார்கள்.

முடிவுரை

2020 மார்ச்சில் தியடோர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலில் கொரோனா புகுந்தது. சுமார் 4,800 பேரில் 1,200-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, ஒருவர் இறந்தார். மூன்றடுக்குப் படுக்கையும் பொதுக் குளியலறையும் உள்ள இடத்தில் விலகியிருக்க வழியில்லை. இறப்பு குறைவாக இருந்ததற்கு வீரர்களின் இளமையும் கரையில் தனிமைப்படுத்தியதும் துணைநின்றன.

மேற்கண்ட சான்றுகளிலிருந்து இரண்டு முடிவுகள் பெறலாம். முதலாவது, தங்குமிடத்தின் அளவை உயர்த்தியது பெரும்பாலும் இறப்புக் கணக்கே. பாரக்கே கிடையாத சிப்பாய்களுக்கு அந்த அளவு எட்டவில்லை. இரண்டாவது, அமைதிக்கால விதியாக மட்டும் இருக்கும் அளவு ஆள் பெருகும் நாளில் நிற்காது. தோட்டாவும் உணவும் இத்தனை என்று திட்டமிடும் படைத்தலைமை, படுக்கைக்கும் படுக்கைக்கும் இத்தனை அடி என்பதையும் படை திரட்டும் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இடம் போதாதபோது ஆள் சேர்ப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரம் படை மருத்துவருக்கு இருந்தால்தான் அந்த அளவு காப்பாற்றப்படும்.