தோல் மண்டியும் பொருளாதாரப் பட்டமும்

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சயான் வழியாக அரைமணி நேரம் நடந்தால் தாராவியின் தோல் கடைகள் வந்துவிடும். அங்கே கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர். போன மாதம் ஒரு கேள்வியோடு வந்தார்.

"சார், பொண்ணு எகனாமிக்ஸ் படிக்கணும்ங்கறா. இந்தோனேசியாவுல ஒரு இஸ்லாமிய யூனிவர்சிட்டியில டெவலப்மெண்ட் எகனாமிக்ஸ்னே தனி டிகிரி இருக்காம். மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து சொன்னார். அங்க பொருளாதாரம் சொல்லித் தருவாங்களா, மார்க்கம் சொல்லித் தருவாங்களா?"

"பொருளாதாரம்தான் பாய், கூடவே கொஞ்சம் மார்க்கமும் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் இதே கேள்வியை வேறு தொனியில், "அங்கெல்லாம் போய் யாராவது பொருளாதாரம் படிப்பார்களா?" என்று நம் மாதுங்கா குடும்பங்களிலும் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது. இதில் நம் ஊர்க்கதையும் இருக்கிறது.

முதலில், வளர்ச்சிப் பொருளாதாரம் என்றால் என்ன? ஒரு நாடு ஏன் ஏழையாகவே இருக்கிறது, அதிலிருந்து மீள அரசும் வியாபாரமும் கடனும் கல்வியும் என்ன செய்ய முடியும் என்று கேட்கிற படிப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் இது தனித்துறையானது. ஆனால் அந்தக் கேள்வியை அதற்கு முன்பே கேட்டவர்கள் இருந்தார்கள். நம் தோல் வியாபாரிகளும் அவர்களில் உண்டு.

ஆவாரம்பட்டை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அந்த வட்டாரத்துக்கே சோறு போட்டது தோல் பதனிடும் தொழில். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் உப்புப் போட்டு அப்படியே கப்பலேற்றினால் கிடைக்கிற காசு ஒன்று. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்டு அனுப்பினால் கிடைப்பது வேறு. அந்த வித்தியாசம்தான் உள்ளூர்க் கூலி, உள்ளூர் லாபம்.

முதல் உலகப் போருக்கு முன் இந்தியாவின் பச்சைத்தோல் வியாபாரத்தில் ஜெர்மன்காரர்கள் கைதான் ஓங்கியிருந்தது. போர் முடிந்ததும் 1919இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டார்கள். தோல் உள்ளூரிலேயே பதனிடப்படட்டும் என்பது ஒரு காரணம். ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம். பிரிட்டிஷ் பேரரசுக்குள் பதனிடுகிற தோல் என்றால் வரியில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி! அதாவது லண்டன்காரனுக்கு 5 சதவீதம்தான். 1923இல் எல்லோருக்குமே 5 சதவீதமாகக் குறைத்தார்கள். சொந்த நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற வரி போடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது சென்னை பெரியமேட்டு தோல் மண்டிக்காரர்களுக்குப் பாடப்புத்தகக் கேள்வி அல்ல, அன்றாடப் பிழைப்பு.

அந்த 1919ஆம் ஆண்டில்தான் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும் தொடங்கியது. 1901இல் ஆரம்பித்த வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தின் முயற்சி அது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல்தான். ஆனாலும் ஒரு தோல் நகரத்துக்கு அந்த நேரத்தில் கணக்கும் சட்டமும் ஆங்கிலமும் தெரிந்த பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

ஜமால் முகமது சாகிப்

இந்தக் கதையில் மறக்கக்கூடாத பெயர் சென்னைத் தோல் வணிகர் எம். ஜமால் முகமது சாகிப். 1931இல் இந்திய வணிகர்களின் உச்ச அமைப்பான ஃபிக்கிக்குத் தலைவராக இருந்தவர். அதே ஆண்டு லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்கு அந்த அமைப்பு தேர்ந்தெடுத்த மூவர் ஜி.டி. பிர்லா, புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ், மூன்றாவதாக நம் ஜமால் முகமது. பம்பாயின் பருத்தி வணிகருக்குச் சமமாக சென்னையின் தோல் வணிகர்!

1929 ஜனவரியில் கவிஞர் இக்பால் சென்னைக்கு வந்து ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவுகளும் இவருடைய ஆதரவில் நடந்தவையே. இக்பாலைக் கவிஞராகத்தான் நமக்குத் தெரியும். அவருடைய முதல் உரைநடைப் புத்தகம் 1904இல் உருதுவில் வந்த பொருளாதார நூல். வறுமை என்பது தவிர்க்கவே முடியாததா என்று அதன் முன்னுரையில் கேட்டிருந்தார்.

1951இல் திருச்சியில் இவர் பெயரில் ஜமால் முகமது கல்லூரி வந்தது. என்.எம். காஜாமியான் ராவுத்தர் இன்னொரு நிறுவனர். அதே ஆண்டு சென்னையில் நியூ காலேஜ். பின்னால் 1965இல் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி. இங்கெல்லாம் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்தார்கள், படிக்கிறார்கள். பி.காம்., பி.ஏ. பொருளாதாரம் முடித்து வங்கிக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

பெர்லினும் ராட்டர்டாமும்

இப்போது கொஞ்சம் வடக்கே. 1920இல் அலிகாரில் காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டு வெளியேறிய மாணவர்களும் ஆசிரியர்களும் தொடங்கியது ஜாமியா மில்லியா இஸ்லாமியா. அவர்களில் ஒருவரான ஜாகிர் உசேன் பெர்லின் போய்ப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி, 1926 முதல் 1948 வரை அதை நடத்தினார். மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை, 20 வருஷம் விலகுவதில்லை என்று அவரும் தோழர்களும் உறுதி எடுத்திருந்தார்கள். 1967இல் குடியரசுத் தலைவர் ஆனவர் இவர்தான்.

ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் ஃப்ரெடரிக் லிஸ்ட்டின் நூலை இவர் உருதுவில் மொழிபெயர்த்தார். இளம் தொழில்களுக்கு அரசு பாதுகாப்பு தர வேண்டும் என்பதே லிஸ்ட்டின் வாதம். பெரியமேட்டுக்காரர்கள் கேட்டதும் அதுதானே!

அதே சமயத்தில் ஹாலந்தின் ராட்டர்டாமில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார் இந்தோனேசியாவின் முகமது ஹத்தா. கூட்டுறவு இயக்கத்தில் ஊறியவர், பின்னால் துணை அதிபர். இவர் முன்னின்று ஜகார்த்தாவில் ஒரு இஸ்லாமிய உயர்கல்விக் கூடம் தொடங்கிய நாள் 1945 ஜூலை 8. இந்தோனேசியா சுதந்திரத்தை அறிவித்தது அதற்குச் சரியாக 40 நாள் கழித்து. நாடு பிறக்கும் முன்பே கல்லூரி பிறந்துவிட்டது! அதுதான் யோக்யகர்த்தாவுக்கு இடம்பெயர்ந்து இந்தோனேசிய இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆனது. முதலில் தொடங்கிய துறைகளில் பொருளாதாரமும் ஒன்று. பாய் கேட்ட பட்டம் இங்கேதான் இருக்கிறது.

வட்டி என்கிற கேள்வி

வங்கிக்காரனாக எனக்கு அதிகம் சுவாரசியமான இடம் இது. வட்டி கூடாது என்று நம்புகிறவன் வங்கியியல் படித்தால் என்ன ஆகும்? படிப்பு அங்கே நின்றுவிடவில்லை. 1963இல் எகிப்தின் மித் கம்ர் ஊரில் அகமது அல் நஜ்ஜார் என்ற பொருளாதார அறிஞர், ஜெர்மனியின் சிறுசேமிப்பு வங்கிகளைப் பார்த்து, விவசாயிகளுக்காக வட்டியில்லா சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். 1967 வரை நடந்தது. நம் அலிகாரின் நஜாத்துல்லா சித்திக்கி 1969இல் வட்டியில்லா வங்கி பற்றி உருதுவில் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கடன் கொடுப்பவர் லாபத்தில் மட்டுமல்ல, நஷ்டத்திலும் பங்கெடுக்க வேண்டும் என்பது அடிப்படை.

இது நடைமுறையில் எவ்வளவு தூரம் சரிவரும் என்பதில் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. நஷ்டத்தைக் கணக்கில் காட்டிவிடுவது சுலபம், சரிபார்ப்பது கஷ்டம் :-) ஆனால் கேள்வி நியாயமானது. ஜாமீன் கொடுக்கச் சொத்தில்லாதவனுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? 2006இல் சச்சார் கமிட்டி, முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் சில பகுதிகளைக் கடன் கொடுக்கக் கூடாத இடங்களாக வங்கிகள் ஒதுக்கிவைப்பதைச் சுட்டிக்காட்டியது. 2008இல் ரகுராம் ராஜன் கமிட்டி வட்டியில்லா வங்கிச் சேவைக்கும் வழிசெய்யலாம் என்றது. அந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்லப்போவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் முடிவெடுத்தது. அதன் சரி தவறு இருக்கட்டும். இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள வங்கியும் தெரிய வேண்டும், அந்த மக்களின் நம்பிக்கையும் தெரிய வேண்டும்.

ஆகவே பிள்ளைகளை அனுப்ப யோசிக்கிற பெற்றோருக்கு ஒன்று. எந்த நாட்டுக் கல்லூரியானாலும் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நுண்பொருளாதாரம், பேரியல், புள்ளியியல், பொருளாதார அளவையியல் எத்தனை தாள் என்று எண்ணுங்கள். பாடமொழி என்ன, பட்டம் இந்தியாவில் செல்லுமா என்று விசாரியுங்கள். இவை சரியாக இருந்தால் கல்லூரியின் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. வறுமை ஏன் என்ற கேள்வியை அந்தப் பெயர்ப்பலகைகளுக்குக் கீழே ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வாணியம்பாடி, திருச்சிக் கல்லூரிகளில் படித்தவர்கள் யாராவது இருந்தால் அந்த நாள் விவரங்களைச் சொல்லுங்களேன்.