கொலையும் குடும்பமும்



நான் வாழும் மணலி புதுநகரிலிருந்து திருவொற்றியூர்க் கோயில் நெடுந்தொலைவில் இல்லை. அதன் கல்வெட்டுக்களுட் பல, நந்தா விளக்கு எரிக்கக் கொடை அளித்த செய்தியைக் கூறுவன. சோழர் காலத்தில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது பல ஊர்களிற் காணும் கணக்கு. அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். இடையர் மந்தை குறையாமற் காத்து நாள்தோறும் நெய் அளக்க வேண்டும்.

விளக்குகளுட் பெரும்பாலன பக்தியால் எரிந்தன. ஆனால் தமிழகத்துக் கோயில்கள் சிலவற்றில் கொலையின் பொருட்டு எரிந்தனவும் உண்டு. வேட்டையில் விலங்கை நோக்கி விட்ட அம்பு மனிதன்மேற் பாய்ந்துவிடும். கொல்லும் எண்ணம் இல்லை எனக் கண்ட ஊர்ப் பெருமக்கள், எய்தவனின் உயிரைப் பறியாது, விளக்கு வைக்குமாறு பணித்தனர். இரு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பழி தீர்த்துக்கொள்வதை இது தடுத்திருக்கும் என்றே கருதுகிறேன்.

ஆயினும் ஒன்று என்னை உறுத்துகிறது. போரில் வீழ்ந்த வீரனின் குடும்பத்துக்கு 'உதிரப்பட்டி' என நிலம் கொடுத்தார்கள். அம்பு பட்டு மாண்டவனுக்கோ விளக்கு. அவன் மனைவி எதைக்கொண்டு உலை வைத்தாள் என்பதை நான் படித்த விளக்குக் கல்வெட்டு எதுவும் கூறவில்லை.

திட்டமிட்ட கொலையில் நிலை வேறு. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் ஏறத்தாழ 969-இல் கொலையுண்டான். 985-இல் அரசேறிய இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ளது. 'பொன்னியின் செல்வன்' படித்தோர் இரவிதாசனை அறிவர். கல்வெட்டில் அவன் மந்திரவாதி அல்லன். பிரமாதிராசப் பட்டம் பெற்றவன். அவனும் சோமனும் பரமேசுவரனும் துரோகிகள் எனக் குறிக்கப்படுகின்றனர். பறிக்கப்பட்டது அவர்கள் நிலம் மட்டுமன்று. பிள்ளைகள், தாய்மார், மாமன்மார், அவர்தம் பெண்களை மணந்தோர் ஆகியோரின் உடைமைக்கும் அதே கதி. கத்தி எடுக்காத மாமன் செய்த குற்றம் யாது?

இன்றைய சட்டம் குற்றவாளியை மட்டுமே தண்டிக்கிறது. தெருவோ அவ்வாறு செய்வதில்லை. எங்கள் பகுதியில் ஒரு கொலைக்குப் பின், கொன்றவனின் தங்கைக்குப் பேசி முடித்திருந்த திருமணம் நின்றது. இறந்தவன் என் பழைய மாணவன். "வழக்கு அரசாங்கத்துக்கும் அவனுக்கும் என்கிறார்கள், பிள்ளையைக் கொடுத்த நான் அதில் யார் ஐயா?" என்று அவன் தாயார் கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை.

2009-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357அ என்னும் பிரிவு சேர்ந்தது. 2024 சூலை முதல் அதன் இடத்தில் புதிய சட்டத்தின் 396-ஆம் பிரிவு நிற்கிறது. கொன்றவன் இன்னான் என்று தெரியாவிடினும், இறந்தவரைச் சார்ந்தோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கோரலாம். அந்த அம்மையாருக்கு எழுதத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மகளே விண்ணப்பத்தை எழுதினாள்.