சித்தூர்ச் சீமையும் உயர்ந்த இடுப்புக் கால்சட்டையும்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் பலருடைய இல்லங்களில் ஒரு பழைய புகைப்படம் இருக்கும். வேலைக்கு உத்தரவு வந்த ஆண்டில், ரயிலேறுவதற்கு முன்னர், பாட்டனார் ஒரு ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்ட படம். சட்டையை உள்ளே செருகி, தொப்புளுக்கு மேலே வாரை இறுக்கி, இடுப்பிலிருந்து இரண்டு மடிப்புகள் விழ, காலின் கீழோரம் வெளிப்புறமாக மடித்துத் தைக்கப்பட்ட கால்சட்டையுடன் அவர் நிற்பார். அப்படத்தைப் பார்த்து நகைத்து வளர்ந்த பேரப்பிள்ளைகளே, அத்தகைய கால்சட்டை எங்கே கிடைக்கும், நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்குமா என்று இப்போது விசாரிக்கின்றனர். கேள்வி சிறியதுதான். ஆயினும் அந்த ஆடை நம் பக்கம் வந்த வழியையும் போன வழியையும் அறிந்தாலன்றி அதற்கு விடை கிடைப்பதில்லை.

அவ்வழியைக் காண்பதற்குச் சித்தூர், திருப்பதிப் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். வடஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகராக இருந்த ஊர் சித்தூர். 1911 ஏப்ரல் முதல் தேதியன்று அது தனி ஜில்லாவாயிற்று. 1960 ஏப்ரல் முதல் தேதியன்று திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022ல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக்கோடு இவ்வாறு அங்குமிங்கும் நகர்ந்ததேயன்றி, மக்கள் அதிகம் நகரவில்லை. தமிழர் நிஜார் என்பதைத் தெலுங்கர் லாகு என்பர். இரண்டு சொல்லும் அறிந்த தையற்காரர் இரண்டுக்கும் ஒரே நாடாவால் அளவெடுப்பார்.

ஆடைக் கலப்பு இச்சீமைக்குப் புதிதன்று. விஜயநகர அரசவையில் நீண்ட மேலங்கியும் உயர்ந்த குல்லாயும் வழங்கின. மேலங்கியின் பெயர் அராபியத்திலிருந்தும், குல்லாயின் பெயர் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. லேபாட்சி ஓவியங்களில் இக்கோலத்தை இன்றும் காணலாம். 1513ல் முதன்முறையாகத் திருமலைக்கு வந்த கிருஷ்ணதேவராயருடைய செப்புப் படிமம், இரு தேவியருடன் கைகுவித்தபடி, கோயிலில் நிற்கிறது. தலையில் நீண்ட குல்லாய், மார்பில் அங்கியில்லை, இடுப்பில் வேட்டி. அரசவைக்கு ஒன்று, ஆண்டவன் சந்நிதிக்கு ஒன்று என்னும் பாகுபாடு அன்றே இருந்தது. அதே திருமலையில், சேவைகளுக்குச் செல்லும் ஆடவர் வேட்டியோ பைஜாமாவோ அணிதல் வேண்டும் என்பது இக்கால விதி. கால் என்றும் ஆடை என்றும் பொருள்படும் இரு பாரசீகச் சொற்கள் சேர்ந்ததே பைஜாமா. அதற்குக் கிடைக்கும் அனுமதி ஆங்கிலக் கால்சட்டைக்கு இல்லை!

கால்சட்டை இங்கே பட்டாளத்தின் வழியே புகுந்தது. கும்பினிச் சிப்பாய்களின் உடை பற்றி எழுந்த பெருங்கலகம் சித்தூருக்கு அருகிலுள்ள வேலூரில், 1806 ஜூலை 10ஆம் தேதி நிகழ்ந்தது. தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும், தாடியும் நெற்றிக்குறியும் கூடாதென்ற உத்தரவும் அதற்குக் காரணங்களாயின. தலைக்கும் முகத்துக்கும் வந்த வழக்கு அது. காலுக்கு வந்த வழக்கன்று. பட்டாளத்தின் பின்னே போலீஸும், போலீஸின் பின்னே ரயில்வேயும் கால்சட்டையைப் பரப்பின. 1840களில் பெஷாவர்ப் பக்கத்துப் படை ஒன்றில் தோன்றிய காக்கி நிறம் நாளடைவில் நாடெங்கும் சீருடையின் நிறமாயிற்று. இங்கே அத்துணியை நெய்து தந்தவை சென்னை பெரம்பூர்ப் பகுதி ஆலைகள். 1876ல் தோன்றிய பக்கிங்ஹாம் ஆலையும் அதன்பின் எழுந்த கர்நாடிக் ஆலையும் 1920ல் ஒன்றாயின. பி அண்டு ஸி என்று மக்கள் அழைத்தனர். அந்த ஆலையின் காக்கி டிரில் உழைப்புக்குப் பேர்போனது. 1996ல் ஆலை மூடப்பட்டது.

ஆனால் கச்சேரிக்குச் செல்லும் உத்தியோகஸ்தரும் வக்கீலும் நெடுங்காலம் மேலே கோட்டு, கீழே பஞ்சகச்சம், தலையில் தலைப்பாகை என்ற கோலத்திலேயே இருந்தனர். திருத்தணியிற் பிறந்து திருப்பதியிற் பள்ளிக்கல்வி பெற்ற டாக்டர் இராதாகிருஷ்ணன், ராஷ்டிரபதியான பின்னரும் நீண்ட கோட்டையும் வேட்டியையும் விடவில்லை. ஆகவே கால்சட்டையை இங்கே முதலிற் பரப்பியவர் பெரிய மனிதர் அல்லர். காவலரும், ரயில்வே ஊழியரும், பின்னர் குமாஸ்தாக்களுமே பரப்பினர். இதை நாம் மறந்துவிடுகிறோம். உயர்ந்த இடுப்பு என்றவுடன் சீமான் வீட்டுக் கோலம் என்று நினைக்கிறோம்.

அந்த இடுப்பு ஏன் அவ்வளவு உயரத்தில் இருந்தது? மேல்நாட்டில் கால்சட்டையைத் தாங்கியது வார் அன்று. தோளிலிருந்து இறங்கிய பட்டைகள். தோளிலிருந்து தொங்கும் ஆடைக்கு இடுப்பெலும்பின் பிடிப்பு வேண்டியதில்லை. அதன் மேற்பட்டி உடலின் குறுகலான இடத்தில், தொப்புளை ஒட்டி நிற்கும். கையில்லாத உட்கோட்டு அதை மறைக்கும். முதல் உலகப் போருக்குப்பின் வார் கட்டும் வழக்கம் பெருகிற்று. ஆயினும் மேற்பட்டி உடனே கீழிறங்கவில்லை. அந்த இடத்தில் நின்றால்தான் குனிந்தாலும் சம்மணமிட்டாலும் துணி பிடிக்காது. முன்மடிப்புகள் விரிந்து தொடைக்கு இடங்கொடுக்கும். சட்டை வெளியே பிதுங்காது. வேட்டியைத் தொப்புளருகே முடிந்து பழகிய நம்மவருக்கு இது புதிய இடமாகத் தோன்றியிராது என்பது என் கருத்து. புதிதாக இருந்தது பொத்தான் ஒன்றே.

அளவைச் சொன்னால் வேற்றுமை விளங்கும். கவட்டிலிருந்து முன்பக்க மேற்பட்டி வரையுள்ள உயரம் அக்காலக் கால்சட்டையில் 12 அங்குலம் வரை, சில சமயம் அதற்கு மேலும் இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த தாழ்ந்த இடுப்புக் கால்சட்டையில் அது 8, 9 அங்குலமாகச் சுருங்கிற்று. மூன்று நான்கு அங்குலத்தில்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது.

சித்தூர் மாவட்டத்தோடு நெடுங்காலம் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில் 1895ல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, பிற்காலத்தில் லண்டன் சாவில் ரோ தையற்காரரிடம் கோட்டும் கால்சட்டையும் தைத்துக்கொண்டவர். துறவு பேசிய வாய்க்கும் அந்தத் தையலுக்கும் பொருத்தம் என்ன என்று கேட்டவருண்டு. அதை நாம் விட்டுவிடலாம். இங்கே கவனிக்கத்தக்கது வேறு. சாவில் ரோவில் ஆளை நிறுத்தி அளவெடுத்து வெட்டிய முறையும், சித்தூர்ச் சந்தில் காக்கி டிரிலை வெட்டிய முறையும் ஒன்றே. துணியும் கூலியுமே வேறு.

அந்தக் கால்சட்டை மலிவாயிருந்ததற்கும் அம்முறையே காரணம். 36 அங்குல அகலத் துணியில் ஏறத்தாழ இரண்டரை கஜம் பிடிக்கும். அது அன்று சிறிய செலவன்று. 1943ல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு உத்தரவு வந்த காலத்தில் துணி கிடைப்பதே அரிது. ஆகவே ஒரு கால்சட்டை பல்லாண்டு உழைக்க வேண்டியிருந்தது. நல்ல தையற்காரர் பின்தையலில் இரண்டு அங்குலம் வரை உள்ளே விட்டுத் தைப்பார். உடல் பருத்தால் பிரித்து விடலாம். மகனுக்கு வேண்டுமானால் பிடித்துத் தைக்கலாம். கீழோர மடிப்பில் இன்னும் சிறிது நீளம் ஒளிந்திருக்கும். யந்திரங்களைக் கண்டித்துவந்த காந்தியடிகளும் 1924ல் தையல் யந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

1960களின் இறுதியில் மேல்நாட்டில் இடுப்பு கீழிறங்கியது; 1970களில் பெல்பாட்டம் நம் ஊர்த் தெருக்களையும் பெருக்கத் தொடங்கிற்று. டெரிகாட்டன் வந்தது. பின்னர் ஆயத்த ஆடை வந்தது. தாழ்ந்த இடுப்பு, ஆலைக்கு மிகவும் ஏற்றது. இடுப்பின் குறுகலும் வயிற்றின் பருமனும் ஆளுக்கு ஆள் வேறுபடும். வயிற்றுக்குக் கீழே நிற்கும் ஆடைக்கு அந்தக் கவலையில்லை. சில அளவுகளில் ஊர் முழுவதையும் உடுத்திவிடலாம். துணியும் மிச்சம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இடுப்பு உண்டென்ற செய்தியை அறிந்தவர் தையற்காரர் ஒருவரே. அவரிடம் செல்லும் வழக்கத்தை நாம் விட்டோம்.

இப்போது பெரிய நகரக் கடைகளில் ‘கூர்க்கா’ என்ற பெயரில் உயர்ந்த இடுப்புக் கால்சட்டை விற்கிறார்கள். இடுப்பில் இரு பட்டைகள் குறுக்கே வந்து பக்கவாட்டில் கொக்கியில் மாட்டிக்கொள்ளும்; வார் வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியப் படையின் காக்கி அரைக்கால்சட்டையிலிருந்து வந்த வடிவம் அது. நம் நாட்டுக் காக்கி, மேல்நாட்டுப் பெயர்ச்சீட்டோடு திரும்பிவந்து, விலையும் மேல்நாட்டு விலையாக நிற்கிறது.

ஆகவே விலை மலிய வேண்டுவோர் துணிக்கடைக்கும் தையற்கடைக்கும் செல்லுதல் நன்று. நகரி, புத்தூர் விசைத்தறிகளில் லுங்கியும் வேட்டியும் கிடைக்கும். கால்சட்டைத் துணிக்கு அவை உதவா. ராஜஸ்தானத்துப் பில்வாராவிலிருந்து வரும் துணி எந்த ஊர்க் கடையிலும் உண்டு. 58 அங்குல அகலத்தில், வழக்கமான ஒன்றேகால் மீட்டருக்குப் பதிலாக ஒன்றரை மீட்டர் வாங்கினால், உயர்ந்த இடுப்புக்கும் கீழோர மடிப்புக்கும் போதும். மெல்லிய துணி மடிப்பைத் தாங்காது. சற்றுக் கனமானதே வேண்டும். அளவெடுக்கும்போது நாடா தொப்புளின்மேல் நிற்கட்டும். கவட்டளவைத் தனியே எழுதச் சொல்லுங்கள். பின்தையலில் உள்துணி விடச் சொல்லவும் மறவாதீர்கள்.

திருப்பதியில் ஒரு முதிய தையற்காரரிடம் நான் இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் தெலுங்கில் கேட்டவர், என் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். சிறிது நேரம் பொறுத்திருந்து, “ஐயா, இவ்வளவு சொல்ல வேண்டாம், வீட்டில் பெரியவர் போட்ட பழைய கால்சட்டை இருந்தால் கொண்டுவாருங்கள்” என்றார். அடுத்தமுறை எடுத்துச் சென்றேன். பின்தையலைப் பிரித்தார். உள்ளே இரண்டு அங்குலத் துணி, வெயிற்படாத பழைய காக்கி நிறத்தோடு அப்படியே இருந்தது. அதன்மேல் நாடாவை வைத்து அளந்து, தம் நோட்டில் எழுதிக்கொண்டார்.