ரொடோபி நாடாளுமன்றத் தொகுதி

ரொடோபி, கிரேக்க நாட்டின் வடகிழக்கு மூலையில் மேற்குத் திரேஸ் பகுதியில் உள்ள மூன்று உறுப்பினர் தொகுதி. தலைநகர் கொமோத்தினி. வடக்கே பல்கேரிய எல்லையை ஒட்டிய மலைக் கிராமங்கள். தெற்கே புகையிலையும் பருத்தியும் விளையும் சமவெளி. வாக்காளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முஸ்லிம்கள். துருக்கிய மொழி பேசுவோர், ஸ்லாவிய மொழி பேசும் பொமாக்குகள், ரோமாக்கள் என மூன்று பிரிவினரும் அவர்களுள் அடங்குவர். இத்தொகுதியின் தேர்தல் வரலாற்றைக் கட்சிகளின் ஏற்ற இறக்கமாக மட்டும் பார்த்தால் பாதி புரியாமல் போகும். ஏதென்சில் இயற்றப்பட்ட விதிகள் பல முறை இதன் முடிவுகளைத் தீர்மானித்துள்ளன.

1923ஆம் ஆண்டு லொசான் உடன்படிக்கையையொட்டிக் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது, இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் விலக்கு கிடைத்தது. அதே காலத்தில் ஆசியா மைனரிலிருந்தும் கிழக்குத் திரேசிலிருந்தும் வந்த கிரேக்க அகதிகள் இங்கே குடியேறினர். அகதிகளின் வாக்கு பொதுவாக லிபரல் கட்சித் தலைவர் வெனிசேலோசின் பக்கம் நின்றது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட சில தேர்தல்களில் திரேஸ் முஸ்லிம்கள் தனி வாக்காளர் பிரிவாக வைக்கப்பட்டனர். பின்னர் அவர்கள் பெரிய கட்சிகளின் பட்டியல் வழியாகவே நாடாளுமன்றம் சென்றனர். நெடுங்காலம் பட்டியலே மாறியது. ஊரில் செல்வாக்குள்ள குடும்பங்கள் மாறவில்லை.

கிரேக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் வாக்காளர் பட்டியலைப் பாதித்தது. திரும்பும் எண்ணமின்றி நாட்டை விட்டுச் சென்றவர் கிரேக்க இனத்தவர் அல்லாவிட்டால், அவரது குடியுரிமையைப் பறிக்க அது இடம் கொடுத்தது. 1998இல் நீக்கப்படும் வரை ஏறத்தாழ 60,000 பேர் இதனால் குடியுரிமை இழந்தனர். பெரும்பாலோர் திரேஸ் முஸ்லிம்கள்.

பெரும் திருப்பம் 1989இல் வந்தது. விகிதாசாரத்துக்கு நெருக்கமான புதிய தேர்தல் முறையில், ஜூன் மாதம், முஸ்லிம் சிறுபான்மையைச் சேர்ந்த மருத்துவர் சதிக் அகமது சுயேச்சையாக வென்றார். நவம்பரில் மீண்டும் தேர்தல் வந்தபோது அவருடைய வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. அவருக்குப் பதிலாக இஸ்மாயில் ரொடோப்லு சுயேச்சையாக வென்றார். 1990 ஜனவரியில், பிரசுரங்களில் சிறுபான்மையினரைத் 'துருக்கியர்' என்று குறிப்பிட்டதற்காக நீதிமன்றம் அகமதுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அதே மாதம் 29ஆம் நாள் கொமோத்தினியில் முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. ஏப்ரல் தேர்தலில் அவர் மீண்டும் வென்றார்.

ஏதென்ஸ் இதற்குச் சட்டத்தால் பதில் சொன்னது. நாடு முழுவதும் 3 விழுக்காடு வாக்குகளைப் பெறாத கட்சிக்கும் சுயேச்சைக்கும் இடமில்லை என்ற விதி 1990இல் வந்தது. அதாவது அப்போது சுமார் 2 லட்சம் வாக்குகள் தேவைப்பட்டன. ரொடோபியின் வாக்காளர் அனைவரும் ஒருவருக்கே வாக்களித்தாலும் அந்த எண்ணை எட்ட முடியாது. சுயேச்சைக்கும் நாடளாவிய வரம்பு என்பதைத் தற்செயலான விதி என்று நம்புவது கடினம். 1991இல் அகமது தொடங்கிய 'நட்பு, சமத்துவம், அமைதிக் கட்சி'யால் அந்த வரம்பைத் தாண்ட முடியவில்லை. 1993இல் அமைந்த நாடாளுமன்றத்தில் முஸ்லிம் உறுப்பினர் எவரும் இல்லை. 1995 ஜூலை 24 அன்று, லொசான் உடன்படிக்கை கையெழுத்தான அதே தேதியில், சதிக் அகமது சாலை விபத்தில் இறந்தார்.

1996 முதல் முஸ்லிம் வேட்பாளர்கள் மீண்டும் பெரிய கட்சிகளுக்குத் திரும்பினர். அவ்வாண்டே ரொடோபியிலிருந்து சோசலிசக் கட்சியான பாசோக் சார்பில் காலிப் காலிப், இடதுசாரிக் கட்சியான சினாஸ்பிஸ்மோஸ் சார்பில் முஸ்தபா முஸ்தபா ஆகிய இருவர் வென்றனர். கட்சிப் பட்டியலில் தாம் விரும்பும் வேட்பாளரின் பெயருக்கு நேரே வாக்காளர் சிலுவைக் குறி இடும் கிரேக்க முறையில், கட்சியை விட ஆளைத் தேர்வது எளிது. இல்ஹான் அகமது 2004இல் புதிய ஜனநாயகக் கட்சியிலும், 2015இல் பொத்தாமி கட்சியிலும், 2019இல் பாசோக்கின் வழிவந்த கூட்டணியிலும் நின்று வென்றதே இதற்குப் போதிய சான்று.

சதிக் அகமதின் கட்சி மறையவும் இல்லை. 2014, 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்களில் அது ரொடோபியிலும் அண்டைத் தொகுதியான க்சாந்தியிலும் முதலிடம் பெற்றது; 3 விழுக்காடு வரம்பு அங்கும் இருந்ததால் இடம் மட்டும் கிடைக்கவில்லை.

2023 மே மாத நாடாளுமன்றத் தேர்தலில் புதிய ஜனநாயகம் நாட்டின் 59 தொகுதிகளில் 58இல் முதலிடம் பெற்றது. விலகி நின்றது ரொடோபி மட்டுமே. இங்கே இடதுசாரிக் கட்சியான சிரிசா முந்தியது. அடுத்த சில வாரங்களுக்குக் கொமோத்தினியில் உள்ள துருக்கியத் துணைத் தூதரகத்தின் தலையீடு பற்றிய குற்றச்சாட்டே நாடளாவிய பிரசாரத்தில் பேசுபொருளாயிற்று. ஜூனில் நடந்த இரண்டாம் தேர்தலில் இத்தொகுதியின் மூன்று இடங்களை சிரிசா, பாசோக், புதிய ஜனநாயகம் ஆகியவை ஆளுக்கு ஒன்றாகப் பெற்றன; முதல் இரு கட்சிகளின் உறுப்பினர்களும் முஸ்லிம்கள்.