வி.டி.யில் ரயிலேறிய காய்ச்சல்

மும்பையில் பிழைக்க வந்த நமக்கெல்லாம் ரயில்தான் பாதி ஊர். அதே ரயில் எமனையும் ஏற்றிக்கொண்டு போன கதை இது. வங்கிக்காரன் சரித்திரம் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள் :-)

1918 ஜூன் 10. பம்பாயில் ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதில் ஒருவருக்குத் துறைமுகத்தில் டியூட்டி. அப்புறம் துறைமுக ஊழியர்கள், தந்தி ஆபீஸ், நாணயச்சாலை, ஹாங்காங் வங்கி ஊழியர்கள் என்று வரிசையாகப் படுத்தார்கள். (பாருங்கள், அப்போதும் நம்ம ஆட்கள் முன்வரிசையில்தான்!) அந்த அலை லேசாகப் போய்விட்டது. செப்டம்பரில் திரும்பி வந்ததுதான் கொலைகாரக் காய்ச்சல். அக்டோபர் 6 அன்று மட்டும் பம்பாயில் 768 சாவு.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செக்குகள் எல்லாம் கிளியரிங் ஹவுஸ் வந்துதான் பிரியும். ரயில் ஜங்ஷனும் அப்படித்தான். பம்பாய்-கல்கத்தா பாதை 1870-ல் இணைந்தது. அடுத்த வருஷம் ராய்ச்சூரில் மெட்ராஸ் பாதையும் சேர்ந்துகொண்டது. வெறும் மண் ரோடாக இருந்திருந்தால் காய்ச்சல் கிராமம் கிராமமாக நடந்துதான் போயிருக்கும். ஜங்ஷன் வந்த பிறகு ஐந்நூறு மைல் தள்ளி இருப்பவனும் பக்கத்து வீட்டுக்காரன்! போர் முடிகிற நேரம் வேறு, பட்டாளத்துக்காரர்கள் ரயில் ரயிலாக ஊர் திரும்பினார்கள்.

ஆனால் ரயில் மேப்பை வைத்து முழுக்கணக்கும் போட முடியாது. கல்கத்தாவும் பெரிய ரயில் மையம்தான்; ஆனாலும் வங்காளத்தில் சாவு விகிதம் பம்பாய் மாகாணத்தைவிடக் குறைவு. மேற்கே அந்த வருஷம் மழை பொய்த்து, தானிய விலை ஏறி, ஜனங்கள் ஏற்கெனவே அரைவயிறு. அன்றைய அரசாங்கக் கணக்கு சுமார் 60 லட்சம் சாவு. பிற்கால மதிப்பீடுகள் ஒரு கோடிக்கும் மேல். 1921 சென்சஸில் தேசத்தின் ஜனத்தொகை 1911-ஐவிடக் குறைந்திருந்தது. வேறெந்தப் பத்தாண்டிலும் அப்படி ஆனதில்லை.

2020 மார்ச்சில் அம்மா எங்களோடு இருந்தார். "மதுரைக்கு அனுப்பிடுடா, அங்கே பத்திரம்" என்றாள் அக்கா. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் கன்ஃபர்ம். கல்யாண், புனே, ராய்ச்சூர், குண்டக்கல் என்று ஒவ்வொரு ஜங்ஷனாக மனசு எண்ண ஆரம்பித்தது. வயசானவரை அந்தப் பெட்டியில் ஏற்றுவதா? ஊரில் அம்மா கையால் சாப்பிடக் காத்திருக்கும் பேரப்பிள்ளைகள் என்ன ஆவது? கேன்சல் பண்ணினேன். மார்ச் 22 நள்ளிரவோடு பயணிகள் ரயில்களே நின்றுபோயின.

அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "ராய்ச்சூர்ல என்னடா இருக்கு?" என்று கேட்டார்.