சிராங்கூன் சாலைக் கூரைகள்

2013ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் ஆலங்கட்டி மழை பெய்தது. கூரைகளில் விழுந்த கட்டிகள் கரைந்து ஓடிவிட்டன. ஈழத் தமிழர் பலர் குடியேறி வாழும் கனடா நாட்டின் நிலை வேறு. அங்கே குளிர்காலத்தில் கூரைமேல் பனி அடுக்கடுக்காகக் கிடக்கும். வீட்டின் வெப்பம் பரண்வழி மேலேறி அப்பனியின் அடிப்புறத்தை உருக்கும். உருகிய நீர் சரிவில் இறங்கி, வெப்பம் எட்டாத இறவாரத்தை அடைந்ததும் மறுபடி உறைந்துவிடும். நாளடைவில் அது அணைபோல் உயர்ந்து, பின்னால் வரும் நீரைத் தேக்கி, கூரைத் தகடுகளின் அடியில் புகுத்தும். பனியைச் சுரண்டித் தள்ளுவது அப்போதைக்குரிய தீர்வு. பரணில் வெப்பங்கடத்தாப் பொருளைப் பரப்பி, கூரையடியில் வெளிக்காற்று உலவச் செய்வதே நோயின் வேரைக் களையும் மருத்துவம்.

அணை பனியால் ஆனதாயினும் சருகால் ஆனதாயினும் நீரின் இயல்பு ஒன்றே. வழி அடைபட்டால் அது இடுக்குத் தேடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் சிங்கப்பூரில் வீடு கட்டவந்தோர் இதனைத் தொடக்கத்திலேயே கற்றனர்.

முதலில் இருந்தது ஓலைக்கூரை. மலாய் மக்கள் ‘அத்தாப்பு’ என்று வழங்கும் அது, செங்குத்தாக வேய்ந்தால் மழைக்கு நன்கு தாங்கும், தீக்குத் தாங்காது. 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கற்சூளை வைத்தார். அவர் முன்னின்று அமைத்த சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலும் 1827இல் மரமும் ஓலையுமாகவே எழுந்து, 1843இல்தான் செங்கற்கட்டடம் ஆயிற்று. ஓலைக்கூரைகளோ அதன் பின்னும் நூறாண்டுக்கு மேல் நீடித்தன. 1961இல் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது.

செங்கல்லும் காரையும் பெருகியதில் இந்தியக் கைதிகளின் பங்கு மிகுதி. 1825 முதல் அவர்கள் இங்குக் கொண்டுவரப்பட்டனர்; 1873 வரை இத்தீவின் சாலைகளையும் பாலங்களையும் கட்டடங்களையும் அமைத்தனர். 1858இல் சிராங்கூன் சாலைப் பகுதியில் அரசாங்கச் செங்கற்சூளை ஏற்பட்டபோது அதில் உழைத்தவர்களும் அவர்களே. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட தூய ஆண்ட்ரூ தேவாலயம் அவர்கள் கட்டியது. அவர்களை மேற்பார்த்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில், அத்தேவாலயத்தின் பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவை சேர்ந்ததாக எழுதினார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைத்துத் தளம் போட்ட தமிழ்நாட்டுக் கொத்தருக்கு இம்முறை புதுமையாகத் தோன்றியிராது. மேற்பார்த்தவர் பெயர் நூலில் நிற்கிறது. சுண்ணாம்பு குழைத்தவர்களின் பெயர்கள் ஊராருக்குத் தெரியா.

1822இல் ராபிள்ஸ், வீடுதோறும் தெருமுகப்பில் தொடர்ந்து செல்லும் மூடிய நடைவழி வேண்டுமெனப் பணித்தார். அதுவே ஐந்தடிப் பாதை. அதனை ஒட்டி எழுந்த கடைவீடுகளின் கூரைகளில் அரைவட்டச் செம்மண் ஓடுகளை ஒருவரிசை மல்லாத்தியும் மறுவரிசை கவிழ்த்தும் அடுக்கினர். மல்லாந்த ஓடு வாய்க்கால். கவிழ்ந்த ஓடு மூடி. இங்கு ஆணியைவிடச் சரிவே முதன்மையானது. சரிவு குறைந்தால் காற்று மழைநீரை எதிரேற்றி ஓட்டின் மேல்விளிம்பைத் தாண்டச் செய்யும். நீண்ட வீட்டின் நடுவே நம் முற்றம்போலத் திறந்தவெளி விட்டதால், கூரைநீரில் ஒரு பங்கு அங்கே இறங்கிற்று, வெளிச்சமும் கிடைத்தது.

தொல்லை பிறந்தது ஓட்டில் அன்று, சந்துகளில். இருவீட்டுக்கும் பொதுவான சுவரைக் கூரை தொடும் இடத்தில் காரை வெடிக்கும். அவ்வெடிப்பில் பறவை எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைக்கும். அதன் வேர் சுவரைப் பிளக்கும். தகரப் பீலியில் சருகு சேர்ந்து அணையாகும். தேங்கிய நீர் ஓட்டின் கீழே திரும்பிக் கைமரத்தின் நுனியை உளுக்கச் செய்யும். ஆண்டுக்கு இருமுறை ஒருவன் ஏணி வைத்து ஏறினால் தீரும் தொல்லைதான். ஆனால், ஏணியின் கூலியை யார் கொடுப்பது?

1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வினாவைக் கூர்மையாக்கியது. வாடகை உயராததால் வீட்டுக்காரர் பலர் பழுதுபார்க்கவில்லை. சிற்றறைகளில் நெருங்கி வாழ்ந்த குடித்தனக்காரரிடம் அதற்குப் பணமில்லை. ஏழையைத் தெருவுக்குத் தள்ளாமல் காத்த சட்டமே அவனை ஒழுகும் கூரையின்கீழ் வாளி வைத்துப் படுக்கவும் விட்டது. பழுதுக்கெல்லாம் சட்டத்தையே குறைகூறுவோர், அது இல்லாவிடில் அவன் எங்கே படுத்திருப்பான் என்பதையும் சொல்லவேண்டும்.

1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வாடகைச் சட்டம் 2001இல் நீங்கியது. பழுதுபார்த்த கடைவீடுகளில் மீண்டும் செம்மண் ஓடுகள் ஏறின. அவற்றின் அடியில் முன்னோர் அறியாத நீர்புகாத் தாள் விரிக்கப்படுகிறது. சில வீடுகளில் நடுமுற்றத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டனர். அங்கு முன்பு தரையில் விழுந்த மழையை இப்போது குழாய்வழிதான் இறக்கவேண்டும். அக்குழாயின் வாயிலும் சருகு சேர்கிறது.