மடக்குக் கத்தியின் பூட்டை நம்பலாமா?

நம்ம ஊர் அரிவாள், கொடுவாள் எதுவும் மடங்காது. அதனால "பூட்டு நிக்குமா?" என்ற கேள்வியே இங்கே வந்ததில்லை. இப்போ பட்டணத்திலிருந்து தோட்டத்துக்கு வர்ற தம்பிங்க மடக்குக் கத்தியை நீட்டி, "அண்ணே, இந்த லாக்கை நம்பலாமா?"னு கேக்கிறாங்க. இதுக்குப் பதில் பிரான்ஸ் நாட்டு மலைவாசி விவசாயிகளோட கத்தியில் இருக்கு.

ஆல்ப்ஸ் மலையில் சவோய் என்கிற பகுதி. விவசாயக் கருவிகள் அடிக்கிற பட்டறைக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல், 1890-ல், பதினெட்டு வயசில் ஒரு மடக்குக் கத்தி செஞ்சார். மரப்பிடி, ஒரு அலகு, இரண்டையும் சேர்க்கிற ஒரு ஆணி. அவ்வளவுதான். 1897-ல் அதையே 1 முதல் 12 வரை எண் போட்டு, பன்னிரண்டு அளவுகளில் கொண்டுவந்தார். எதிலும் பூட்டு கிடையாது. பிடியோட இறுக்கம்தான் அலகை நிறுத்தும்.

பூட்டு வந்தது 1955-ல். ஜோசப்பின் மகன் மார்செல், பிடியின் கழுத்தில் திருகுற மாதிரி ஒரு உலோக வளையம் மாட்டினார். பேரு 'விரோப்ளாக்'. வளையத்தில் ஒரு இடைவெளி இருக்கும். திருப்பினா அந்த இடைவெளி விலகி, அலகு மடங்குற வழி அடைபடும். 2000-லிருந்து மடக்கின நிலையிலும் பூட்டலாம், பையில் தானா திறக்காது.

அப்போ 65 வருஷம் பூட்டில்லாம எப்படி ஓட்டினாங்க? ரொட்டி அறுக்கும்போதும் குச்சி சீவும்போதும் விசை கத்தியோட வாய்ப்பக்கம் விழும். அது அலகை இன்னும் திறக்கத்தான் தள்ளும், மடக்காது. ஆபத்து குத்தும்போதுதான். சொட்டுநீர்க் குழாயில் துளை போடுறீங்க, முனை சிக்கிக்கிது, அசைச்சு இழுக்கிறீங்க. இப்போ விசை முதுகுப்பக்கம் திரும்பும். அலகு மடங்கினா நேரா விரல் மேலதான்.

அதனால பூட்டைப் பார்க்கணும்னா முதுகைத்தான் சோதிக்கணும். கத்தியைத் திறந்து பூட்டுங்க. பிடியை ரெண்டு பக்கவாட்டிலும் மட்டும் பிடிங்க. அலகு மடங்குற வழியில் ஒரு விரலும் இருக்கக் கூடாது. முதுகை ஒரு மரப்பலகையில் வெச்சு மெதுவா அழுத்துங்க. பூட்டு நழுவினா அந்தக் கத்தியைக் குத்துற வேலைக்குத் தொடாதீங்க. சிலர் முதுகை ஓங்கித் தட்டிப் பார்ப்பாங்க. அதில் நல்ல பூட்டும் கெட்டுப்போகும்.

அமெரிக்காவில் 1964-ல் வந்த பக் 110 வகையில் பூட்டு பிடியோட முதுகில் இருக்கும். உள்ளே ஒரு கட்டை, அலகின் அடியில் இருக்கிற பள்ளத்தில் விழணும். பையிலிருக்கிற பஞ்சும் மண்ணும் அந்தப் பள்ளத்தை அடைச்சா கட்டை அரைகுறையாத்தான் உட்காரும். சத்தம் 'டக்'னு கேட்டாலும் நம்பாதீங்க, கண்ணால பாருங்க. வளையப் பூட்டில், வளையம் லேசாச் சுத்தினா தேஞ்சிருக்குனு அர்த்தம். கொஞ்சம் இறுக்கமாத் திரும்பணும்.

இன்னொரு விஷயம். ஒப்பினெல் கத்திகளில் 2 முதல் 5 வரையான சின்ன அளவுகளுக்கு இன்னிக்கும் பூட்டு கிடையாது. பழம் நறுக்க அது போதும். குத்துற வேலை இருந்தா மடங்காத கத்தியை எடுங்க. அதைத்தான் அந்தத் தம்பிங்களுக்கும் சொல்றேன்.